வெட்டாத கத்தரி

அவசரமாகப் புடவை கட்டிக்கொள்ளும் சமயம் பார்த்துத்தான் பாவாடை நாடாவின் ஒரு முனை மடிப்புக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். இது எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ! ஆனால் எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது என்பதை நேயர்கள் ஒப்புக்கொள்வீர்கள். சாதாரண நாளென்றால் நாடாவில் ஓர் ஊக்கைக் குத்தி, நெளித்து நெளித்து, மறுபக்கம் வாங்கிவிடலாம். முகூர்த்தத்துக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது என்ன செய்வது?

திருவந்திபுரத்தில் உறவினர் கல்யாணத்துக்குப் போன இடத்தில் எனக்கு நேர்ந்த கதி இது. முகூர்த்த நாளில் அந்த ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேவநாதப் பெருமாள் சந்நிதிக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மாப்பிள்ளை நிற்பார். ஒரு நாதஸ்வரம் நிறுத்துமுன் அடுத்தது ஆரம்பித்துவிடும். நம் கல்யாணம் எது என்று தேடிக் கண்டுபிடித்து அட்சதை போட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் வேறு யாரோ ஒரு ஜோடியை ஆசீர்வதித்துவிட்டு வரவேண்டியதுதான்.

நான் நாடாவோடு போராடிக்கொண்டிருப்பதைப் பெரியம்மா மகள் பார்த்தாள். எனக்கு அக்கா முறை. முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். "கொண்டா இப்படி" என்று பாவாடையைப் பிடுங்கிக்கொண்டு, கைப்பையிலிருந்து பளபளவென்று ஒரு சாமானை எடுத்தாள். அச்சு அசல் சின்னக் கத்தரிக்கோல்.

"ஐயோ, வெட்டிடாதேக்கா!"

"இதுக்கு வெட்டத் தெரியாதுடி. பிடிக்கத்தான் தெரியும்."

அதன் மூக்கு நுனியில் நாடாவைக் கவ்வவைத்தாள். 'க்ளிக்' என்றது. மடிப்புக்குள் விட்டுத் தள்ளினாள். ஊக்கு போல நடுவில் திறந்துகொள்ளவில்லை, நாடாவை நழுவவும் விடவில்லை. ஒரே நிமிஷத்தில் மறுபக்கம் தலையை நீட்டிவிட்டது.

முகூர்த்தம் தப்பவில்லை. தாலி கட்டி முடிந்ததும் அந்தச் சாமானைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பிடி கத்தரிக்கோல் பிடிதான்; கட்டை விரலுக்கு ஒரு வளையம், மோதிர விரலுக்கு ஒரு வளையம். ஆனால் மேலே அலகுக்குப் பதில் மெலிந்த இரண்டு தாடைகள். உள்பக்கம் குறுக்குக் குறுக்காக மெல்லிய வரிகள், பிடித்தது வழுக்காமல் இருக்க. வளையங்களுக்குச் சற்று மேலே இருபுறமும் சின்னச் சின்னப் பற்கள். அழுத்தினால் ஒரு பல் அடுத்த பல்லில் மாட்டிக்கொள்கிறது. கையை எடுத்துவிட்டாலும் பிடி தளராது. விடுவிக்க வேண்டுமானால் வளையங்களை லேசாக எதிரெதிரே நெருட வேண்டும்.

இதற்கு ஆஸ்பத்திரியில் 'ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்' என்று பெயர். அவ்வளவு நீளமாக யாரும் சொல்வதில்லை. டாக்டர் கையை நீட்டி "ஆர்ட்டரி" என்பார், நர்ஸ் உள்ளங்கையில் வைப்பாள். மிகச் சிறியதற்கு 'மஸ்கிட்டோ', அதாவது கொசு. அக்காவிடம் இருந்தது கொசு ஜாதி. "ஆஸ்பத்திரிச் சொத்து இல்லை, நான் காசு கொடுத்துக் கடையிலே வாங்கினது. அதையும் எழுதிடு" என்றாள். எழுதிவிட்டேன்.

இந்தக் கட்டுரை இதோடு முடிந்திருக்க வேண்டியது. சமையற்கட்டிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது.

மதியப் பந்திக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பையனுக்கு அரிவாள்மனை இடது உள்ளங்கையில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்கிவிட்டது. ரத்தம் வடியவில்லை, விட்டு விட்டுப் பீச்சியது. பையனின் முகம் வெளுத்துவிட்டது. சுற்றி நின்றவர்களுக்கோ வைத்தியம் பீறிட்டது. ஒரு மாமி காப்பிப் பொடி என்றாள், இன்னொரு பாட்டி சுண்ணாம்பு என்றாள். மஞ்சள் தூள், சர்க்கரை, ஒட்டடை என்று ஆளுக்கு ஒன்றாக ஒரு மளிகை ஜாபிதாவே தயாராகிவிட்டது. நான் என் பங்குக்கு, "அக்கா, அந்த ஆர்ட்டரியைப் போடேன்!" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "கண்ணுக்குத் தெரியாததை இதாலே கவ்வக் கூடாது. அதோட, இப்பத்தான் உன் பாவாடை நாடாவுக்குள்ளே போயிட்டு வந்திருக்கு!"

யாரோ கொடுத்த வெளுத்த துண்டை நாலாக மடித்துக் காயத்தின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். பையனைத் தரையில் உட்காரவைத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கச் செய்தாள். துண்டு நனைந்ததும் அதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்தாள். "மணி பார். பத்து நிமிஷம் ஆகறவரைக்கும் யாரும் திறந்து பார்க்கச் சொல்லாதீங்க."

நேயர்களே, இந்தப் பத்து நிமிஷம்தான் பெரும்பாலோர் தோற்கும் இடம். ஒரு நிமிஷம் அழுத்துகிறோம். 'நின்றுவிட்டதா?' என்று தூக்கிப் பார்க்கிறோம். உறைய ஆரம்பித்த ரத்தம் அதோடு பெயர்ந்து வந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து. அக்கா பார்க்கவே இல்லை. அடுத்த கல்யாணத்தின் கெட்டிமேளத்தைக் கேட்டபடி பத்து நிமிஷமும் அழுத்திக்கொண்டே இருந்தாள். பீச்சல் நின்று கசிவாயிற்று. இறுகக் கட்டுப் போட்டுக் காரில் ஏற்றினோம். கடலூர் ஐந்தாறு கிலோமீட்டர்தான்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மேல்கையில் சுற்றிக் காற்றை ஏற்றிக் கையில் ரத்த ஓட்டத்தையே சற்று நேரம் நிறுத்தினார். மரத்துப்போக ஊசி போட்டுக் காயத்தைக் கழுவி, விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார். உள்ளங்கையில் ரத்தக் குழாயும் நரம்பும் அண்டை வீட்டுக்காரர்கள் போல ஒட்டிக்கொண்டு ஓடுகின்றனவாம். ரத்தத்தில் துழாவிக் கவ்வினால் நரம்பும் சேர்ந்து நசுங்கி, விரல் நுனி நிரந்தரமாக மரத்துப் போகும். என் யோசனைக்கு அக்கா ஏன் அப்படிப் பார்த்தாள் என்று அப்போது புரிந்தது. டாக்டர் தேடி, அறுபட்ட குழாயின் வாயைக் கண்டுபிடித்து, கொசுவை வைத்தார். 'க்ளிக்.' காலையில் என் பாவாடையில் கேட்ட அதே சத்தம்! நூலால் முடிச்சுப் போட்டார், கொசுவை எடுத்தார். பட்டையைத் தளர்த்தினார். ரத்தம் வரவில்லை. தையல் போட்டு அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் அக்காவும் நானும் ஹயக்கிரீவரைச் சேவித்துவிட்டு மலைப் படியில் உட்கார்ந்தோம். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வேண்டிய தெய்வம் அவர். அவர் குடியிருக்கும் குன்றுக்கு ஔஷதகிரி என்று பெயர், மருந்து மலை. ஆஞ்சநேயர் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு துண்டு இங்கே விழுந்தது என்பது ஐதிகம். போரில் அடிபட்டு விழுந்தவனைப் பிழைக்கவைக்க மலையையே பெயர்த்துக் கொண்டுவர வேண்டியிருந்ததே, அந்தக் கதைக்குள் ஒரு பழைய கவலை இருக்கிறது அல்லவா? காயம்பட்டவன் கண்முன்னே போய்க்கொண்டிருக்கிறான். மருந்து எங்கோ இருக்கிறது.

"நம்ம சுஸ்ருதர் காலத்திலேயே இதெல்லாம் இருந்ததாமே அக்கா?" என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். இருந்ததும் உண்மை, இல்லாததும் உண்மை. சுஸ்ருத சம்ஹிதை 101 யந்திரங்களைச் சொல்கிறது. அவற்றில் குறுக்குக் கைகள் உள்ள இடுக்கிகளுக்கு ஸ்வஸ்திக யந்திரம் என்று பெயர். மொத்தம் 24 வகை. எல்லாவற்றுக்கும் மிருகம், பறவைகளின் முகம்: சிங்கம், புலி, கரடி, காக்கை, கழுகு. அவற்றில் கங்க முகம், அதாவது நாரை இனத்துப் பறவையின் மூக்கைப் போன்றது, உத்தமம் என்கிறது நூல். சுலபமாக நுழையும், உறுதியாகப் பற்றும், சுலபமாக வெளியே வரும் என்று காரணமும் சொல்கிறது. ஒரு நாடாவைக் கோத்துப் பார்த்த நான் இதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இடுக்கிகள் எலும்பில் தைத்த அம்பு முனை போன்றவற்றைப் பிடுங்குவதற்கு. ரத்தத்தை நிறுத்த சுஸ்ருதர் சொன்ன வழிகள் வேறு. துவர்ப்பு மருந்தால் கூட்டுவது, குளிர்ச்சியால் உறையவைப்பது, சாம்பலால் உலர்த்துவது, எதற்கும் அடங்காவிட்டால் சூடு போட்டுச் சுருக்குவது என்று நான்கு. எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது என்று மார் தட்டுவதில் எனக்கு அவ்வளவு பிரியமில்லை. உள்ளதைச் சொன்னாலே போதுமான பெருமை இருக்கிறது.

சூடு போடுவது மேல்நாட்டிலும் வெகுகாலம் நடந்தது. கை காலை வெட்டியெடுத்தால் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைப்பார்கள். 1552-ல் ஒரு முற்றுகையின்போது பிரெஞ்சு ரணவைத்தியர் அம்புருவாஸ் பாரே அந்த இரும்பை ஒதுக்கிவிட்டு, வெட்டுப்பட்ட குழாய்களை ஓர் இடுக்கியால் வெளியே இழுத்து நூலால் கட்டினார். நூலால் கட்டும் யோசனை ரோமாபுரிக் காலத்திலேயே உண்டு. கை கால் வெட்டும் இடத்துக்கு அதைத் துணிந்து கொண்டுவந்தவர் அவர். அந்த இடுக்கியின் பெயர்தான் வேடிக்கை: 'காக்கை மூக்கு'! சுஸ்ருதரின் காக முகத்தை அவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. காக்கை எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் கொத்துகிறது போலிருக்கிறது.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கெடிலம் ஓடுகிறது. இதே ஆறு கடலூருக்குப் போய்க் கடலில் கலக்குகிறது. அங்கே 1783 ஜூனில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கரையிலும் கடலிலுமாக மோதிக்கொண்டார்கள். ஜூன் 13-ஆம் தேதி கரையில் நடந்த சண்டையில் மட்டும் இரு தரப்பிலும் சேர்த்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். அந்தக் காலத்து ரணவைத்தியரின் பெட்டியில் என்ன இருந்திருக்கும்? திருகினால் இறுகும் ஒரு கட்டுப்பட்டை, குழாயின் வாயைக் கொத்தி இழுக்க ஒரு கொக்கி, நூல். மயக்க மருந்து வர இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல் இருக்கிறது. ஒருவர் கொக்கியால் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் முடிச்சுப் போட வேண்டும். பிடித்தவர் கையை எடுத்தால் போயிற்று. ஒரு குழாய்க்கு இரண்டு ஆள். காயமோ ஒரு குழாயோடு நிற்பதில்லை.

ஆகவே, நேயர்களே, அக்காவின் கத்தரியில் பெரிய விஷயம் அந்த மூக்கு இல்லை. வளையத்துக்கு மேலே இருக்கிறதே, அரைக்கால் அங்குலப் பல், அந்த 'க்ளிக்'தான் பெரிய விஷயம். கவ்விவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த குழாய்க்குப் போகலாம். பத்து இடத்தில் ரத்தம் வந்தால் பத்து ஆர்ட்டரியைத் தொங்கவிட்டு, நிதானமாக ஒவ்வொன்றாக முடிச்சுப் போடலாம்.

இதை நிலைநாட்டியவர்கள் மூன்று பேர், எல்லோரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்காரர்கள். பாரிஸில் பெயான், ஸ்டிராஸ்பர்க்கில் கேபர்லே, லண்டனில் ஸ்பென்சர் வெல்ஸ். முதலில் செய்தது யார் என்று பெயானும் கேபர்லேயும் போட்ட சண்டை பிரசித்தம். அந்த வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பெயான் கோட்டுப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேஜைக்கு உட்காருகிறவர் மாதிரி கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு ஆபரேஷன் செய்வதை துலூஸ் லோத்ரெக் என்ற ஓவியர் 1891-ல் வரைந்துவைத்திருக்கிறார். ஆனால் நம் நேயர்கள் கவனிக்க வேண்டியது வேறு. இந்த மூவருமே பெண்களின் சூலகக் கட்டியை அறுத்து எடுப்பதில் பெயர் வாங்கியவர்கள்.

அந்தக் கட்டி பானையளவு வளரும். வயிறு நிறைமாதம் போலப் பெருத்து, பெண் இளைத்து இளைத்துச் சாவாள். வயிற்றைத் திறந்தால் ரத்தம் போயே இறந்துவிடுவாள் என்று பெரிய டாக்டர்களே அந்த ஆபரேஷனைக் கொலைக்குச் சமானமாகப் பேசினார்கள். ஸ்பென்சர் வெல்ஸ் 1858-ல் முதல் வெற்றி கண்டார். 1880-க்குள் ஆயிரத்தை எட்டிவிட்டார். இன்றும் ஆபரேஷன் தியேட்டர்களில் 'ஸ்பென்சர் வெல்ஸ்' என்று கேட்டால் ஆர்ட்டரிதான் வரும். ஸ்விட்ஸர்லாந்தின் கோகர் இதே மாதிரி ஒவ்வொரு குழாயாகக் கவ்விக் கவ்வி, ரத்தக் களமாக இருந்த கழுத்துக் கழலை ஆபரேஷனை அமைதியான வேலையாக்கினார். 5,000-க்கு மேல் செய்தார். கடைசி வருஷங்களில் அவரிடம் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கழலையும் பெண்களுக்கே அதிகம் வருவது. பெண்களின் வியாதிகளே இந்தச் சின்னச் சாமானை வளர்த்தன என்று சொன்னால் மிகையாகாது.

ஒரு சங்கடமும் கூடவே வந்தது. பத்து ஆர்ட்டரி உள்ளே போனால் பத்தும் வெளியே வரவேண்டுமே! ஆகையால் தியேட்டரில் எண்ணிக்கை என்று ஒரு வழக்கம் உண்டு. "நான் எண்ணி முடிச்சு, 'சரி' சொன்னாத்தான் வயித்தை மூடுவாங்க. எவ்வளவு பெரிய சர்ஜனா இருந்தாலும் காத்திருக்கணும்" என்றாள் அக்கா. குரலில் ஒரு மிடுக்கு. உலக சுகாதார ஸ்தாபனம் 2008-ல் வெளியிட்ட ஆபரேஷன் பாதுகாப்புப் பட்டியலிலும் இந்த எண்ணிக்கை ஒரு கட்டாய வரி.

இந்தச் சாமான் எங்கே தயாராகிறது என்று கேட்டேன். பாகிஸ்தானில் உள்ள சியால்கோட், ஜெர்மனியில் உள்ள துட்லிங்கன், இந்த இரண்டு ஊர்களும்தான் உலகத்தில் பெயர் போனவை. தேசப் பிரிவினையில் சியால்கோட் நம்மைவிட்டுப் போயிற்று. பிறகு நமக்கென்று ஒரு பெரிய தொழிற்சாலை வேண்டும் என்று சோவியத் உதவியோடு ஆரம்பித்தது எங்கே தெரியுமா? நம் சென்னையில்தான். இந்தியன் டிரக்ஸ் அண்டு ஃபார்மசூட்டிகல்ஸ் என்ற அரசாங்கக் கம்பெனியின் அறுவைக் கருவித் தொழிற்சாலை நந்தம்பாக்கத்தில் 1965-ல் உற்பத்தி தொடங்கியது. யந்திரம் வந்தது, எஃகு வந்தது, ஆட்கள் வந்தார்கள். வாங்க வேண்டிய டாக்டர்கள்தான் முகத்தைச் சுளித்தார்கள்! ருஷ்ய மாதிரிக் கருவிகள் கனமாக இருக்கின்றன, எங்கள் கைக்குப் பழக்கப்பட்டவை பிரிட்டிஷ் மாதிரிகள் என்றார்கள். தேவையையும் முதலில் கூடுதலாகக் கணக்குப் போட்டுவிட்டார்கள். சரக்குத் தேங்கியது. நாளடைவில் அந்த ஆலை மருந்து மாத்திரைத் தயாரிப்புப் பக்கம் திரும்ப நேர்ந்தது. தோசைக் கரண்டியின் பிடி மாறினாலே நமக்குத் தோசை கிழிகிறது. உயிரைப் பிடிக்கும் கருவியில் கைக்குப் பொருத்தம் பார்க்கமாட்டார்களா? வாங்குகிறவர்களின் கையை ஒரு முறை பிடித்துப் பார்த்துவிட்டு அச்சு வார்த்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

இருட்ட ஆரம்பித்தது. கீழே கடைத்தெருவில் விளக்குப் போட்டார்கள். அக்கா கொசுவைக் கையில் வைத்து, திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "எல்லாத்தையும் இது பிடிக்காதுடி" என்றாள் திடீரென்று.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இரவு. வீட்டிலேயே பிரசவமான ஒரு பெண்ணை வாடகைக் காரில் கொண்டுவந்தார்களாம். குழந்தை சௌக்கியம். தாய்க்கு மட்டும் ரத்தம் நிற்கவில்லை. நான்கு மணி நேரமாக நிற்கவில்லை. 'தானாக நின்றுவிடும்' என்று பெரியவர்கள் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். பிறகு வண்டி தேடியிருக்கிறார்கள். வந்ததும் டாக்டர் ஒரு நிமிஷம் வீணாக்கவில்லை. வயிற்றைத் திறந்து, கவ்வ வேண்டிய குழாய் ஒவ்வொன்றையும் கவ்வினார். எல்லாம் சரியாக நடந்தது. "கருவி இருந்தது, டாக்டர் இருந்தார், ரத்தம் நின்னுடுச்சு. ஆனா நிக்கறதுக்கு உள்ளே ரத்தமே இல்லை. இருபத்திரண்டு வயசு."

சற்று நேரம் இருவரும் பேசவில்லை.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. நம் உடம்பில் இருப்பதே சுமார் ஐந்து லிட்டர். குழந்தை பிறந்து நஞ்சு விழுந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் அத்தனை குழாய்களும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அவற்றை மூடுவது யார்? கருப்பையின் தசையேதான். அந்தத் தசை நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. நடுவே குழாய்கள் போகின்றன. தசை சுருங்கியதும் ஒவ்வொரு குழாயும் அதனதன் இடத்தில் நெரிபட்டு மூடிக்கொள்கிறது. ஆயிரம் ஆர்ட்டரியை ஒரே சமயத்தில் 'க்ளிக்' செய்த மாதிரி. எந்தக் கொல்லனும் அடிக்காத கருவி! அது சுருங்க மறுத்தால்தான் ஆபத்து.

அதனால்தான் குழந்தை பிறந்த உடனே தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறார்கள். அடிவயிற்றைத் தேய்த்துவிட்டுக் கருப்பை கெட்டியாகிறதா என்று பார்க்கிறார்கள். குழந்தையைச் சீக்கிரம் பால் குடிக்கவிட்டால் உடம்பே அந்தச் சுரப்பைச் சுரக்கிறது. இத்தனைக்கும் மசியாத கருப்பைக்காகக் கேரளத்தில் ஒரு மகப்பேறு மருத்துவர் புது மாதிரிக் கிளாம்ப் செய்திருக்கிறார். டாக்டர் வி. பி. பைலி என்று பெயர். வயிற்றைக் கிழிக்காமலே பிரசவ வழியாக உள்ளே விட்டு, கருப்பையின் இருபுறமும் ஏறிவரும் இரண்டு பெரிய குழாய்களை ஆளுக்கொரு பக்கமாகக் கவ்விப் பிடிக்கும் கருவி. வரும் ரத்தம் குறையும். அதற்குள் மருந்து வேலை செய்யலாம், ரத்தம் ஏற்றலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். அந்தக் கிளாம்ப் தருவதெல்லாம் அவகாசம்தான்.

கேரளத்து மகப்பேறு மருத்துவர்கள் 2004 முதல் இன்னொரு காரியமும் செய்கிறார்கள். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், பெயர், ஊர், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, எங்கே நேரம் தவறியது என்று மட்டும் கூடி உட்கார்ந்து ஆராய்கிறார்கள். யாரையும் தண்டிக்க இல்லை. ஆராய்ந்தபோது சாவுக்கு முதல் காரணமாக வந்து நின்றது ரத்தப் போக்குத்தான். அந்த ஆராய்ச்சியை நடத்தியவர்களில் முக்கியமானவர் இதே பைலி. கருவி செய்த கைக்குக் கணக்குப் பார்க்கவும் பொறுமை இருந்தது.

உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தால், ஆஸ்பத்திரியை மட்டும் விசாரிக்காதீர்கள். அங்கே ராத்திரியில் ரத்தம் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் எங்கே அனுப்புவார்கள் என்பதையும் கூச்சமில்லாமல் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அசட்டை கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணியோ பட்டையோ முழுவதும் நனைந்துபோனால், பெரிய பெரிய கட்டியாக விழுந்தால், எழுந்தால் கண்ணை இருட்டினால், பாட்டி என்ன சொல்கிறார் என்று காத்திராமல் 108-க்குப் போன் செய்துவிடுங்கள். பிரசவமாகிச் சில வாரம் ஆன பிறகும் இது நேரலாம். பாட்டிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் வைத்தியத்தில் நல்லவை பல உண்டு. இது அதில் சேராது.

பிரசவ அறையில் இந்தச் சாமானுக்கு ஒரு சந்தோஷமான வேலையும் இருக்கிறது. தொப்புள்கொடியில் இரண்டு இடத்தில் கவ்வவைத்து நடுவே வெட்டுகிறார்கள். பிறகு குழந்தைப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கிளிப் போட்டுவிடுகிறார்கள். பிறந்ததும் வெட்டுகிற அவசரம் இப்போது இல்லை. குறைந்தது ஒரு நிமிஷமாவது பொறுத்தால் கொடியில் உள்ள ரத்தம் குழந்தைக்கே போய்ச் சேர்ந்து பிற்பாடு சோகை பிடிக்காமல் காக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லியிருக்கிறது. நிறுத்தத் தெரிந்த கருவியை எப்போது நிறுத்தாமல் இருப்பது என்றும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் இறங்கி மண்டபத்துக்கு வந்தபோது அந்தப் பையன் தாம்பூலப் பைக்காகக் காத்திருந்தான். இடது கையில் வெள்ளைக் கட்டு. அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நாளைக்கு இதே மண்டபத்தில் வேறொரு கல்யாணமாம், தானும் வருகிறானாம்.

"தையல் பிரிக்கிறவரைக்கும் அரிவாள்மனை பக்கமே போகாதே" என்றாள் அக்கா.

"போகமாட்டேன்க்கா. பந்தியிலே தண்ணி ஊத்தறேன்."

"தண்ணியா? கட்டு நனைஞ்சா சீழ் பிடிக்கும். ஒத்தைக் கையாலே அப்பளம் போடு, போதும்!"